ஒரு தடவை சரியாக எழுதி வைப்போம்: கணிப்பான் செயலியும் நம்ம சம்பளக் கணக்கும்



இந்த முறை நாம் படிக்கப் போவது ஒரு சின்னக் கணக்குப் பாடம். கைத்தொலைபேசியில் பாட்டுக் கேட்கிறோம், படம் பார்க்கிறோம். அதே போனை வைத்து நம்ம சம்பளத் துண்டைச் சரி பார்க்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் புல்மோட்டைக்குப் போய் வருவோம். திருகோணமலை மாவட்டத்தின் வடக்கே உள்ள கடற்கரை ஊர் அது. அங்கே கடற்கரை மணல் கறுப்பாக இருக்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனிமங்கள் அந்த மணலில் கலந்து கிடக்கின்றன. இல்மனைட்டைக் காந்தத்தால் பிரித்தெடுக்கலாம். வெள்ளைப் பெயின்டுக்குத் தேவையான பொருளை இல்மனைட்டிலிருந்தும் ரூட்டைலிலிருந்தும்தான் செய்கிறார்கள். இதற்காக 1957இல் அரசாங்கம் கனிய மணல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியது.

10 கிலோ மணலில் 7 கிலோ இல்மனைட் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எவ்வளவு? 7ஐ 10ஆல் பிரித்து 100ஆல் பெருக்கினால் 70 வரும். இப்போது நம்ம தேயிலைத் தொழிற்சாலைக்கு வருவோம். 1,000 கிலோ பச்சைக் கொழுந்தில் 215 கிலோ தேயிலைத் தூள் கிடைத்தால் நூற்றுக்கு எவ்வளவு? 21.5. கடற்கரையில் மணல், மலையில் கொழுந்து. பொருள் வேறு, ஊரும் வேறு, ஆனால் கணக்கின் வழி ஒன்றுதான். எண்கள் மட்டும்தான் மாறுது.

வழி மாறாமல் எண் மட்டும் மாறும் கணக்கை ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து போட வேண்டுமா? வேண்டாம். வழியை ஒரு தடவை இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுத்தால் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். இப்படிச் சொல்லிக் கொடுக்கக்கூடிய கணிப்பானுக்கு நிரல் எழுதும் கணிப்பான் என்று பெயர். 1974இல் அமெரிக்காவின் எச்.பி. நிறுவனம் கையடக்கமான எச்.பி.-65ஐ விற்பனைக்கு விட்டது. அதில் எழுதிய கணக்கைச் சின்னக் காந்த அட்டையில் சேமித்து வைக்கலாம். 1975இல் அப்பல்லோ–சோயுஸ் விண்வெளிப் பயணத்தில் அதைக் கொண்டு போனார்கள். அன்று அதன் விலை 795 டொலர். இன்று அந்த வேலையைச் செய்யும் செயலிகள் போனில் இலவசமாகவே கிடைக்கின்றன. சிலவற்றுக்கு இணையமும் தேவையில்லை.

இப்போது நம்ம கணக்கு. மூன்று எழுத்து எடுத்துக்கொள்வோம்.

ஏ – மாதத்தில் பேர் விழுந்த நாட்கள்
பி – ஒரு நாள் சம்பளம்
சி – முற்பணம், சங்கச் சந்தா போன்ற மற்றக் கழிவுகள் எல்லாம் சேர்த்து

ஊழியர் சேமலாப நிதிக்கு நம்ம சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 கழிக்கிறார்கள். மீதி 92. ஆகவே செயலியில் எழுத வேண்டியது:

கையில் வருவது = ஏ × பி × 0.92 − சி

2024 செப்டம்பரில் வந்த வர்த்தமானிப்படி அன்று குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதையே உதாரணமாக வைப்போம். 22 நாள் பேர் விழுந்திருக்கு, கழிவு 5,000 ரூபாய். மொத்தச் சம்பளம் 29,700. சேமலாப நிதிக்கு 2,376 போனால் மீதி 27,324. அதில் கழிவையும் எடுத்தால் கையில் 22,324 ரூபாய். சம்பளம் கூடினால் பி மட்டும் மாறும். கணக்கைத் திருப்பி எழுத வேண்டியதில்லை. மேலதிகக் கிலோக் காசை இதில் சேர்க்கவில்லை. பழகின பிறகு அதற்கு ஒரு எழுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்த வரியையும் எழுதி வையுங்க. இது முக்கியம். சேமலாப நிதிக்குத் தோட்ட நிர்வாகம் தன் பங்காக நூற்றுக்கு 12 கட்ட வேண்டும். நம்ம 8ஐயும் சேர்த்தால் 20. அதாவது ஏ × பி × 0.20. இந்த உதாரணத்தில் 5,940 ரூபாய். இது நம்ம வயதான காலத்துக்கான காசு. மாதா மாதம் வரும் இந்தத் தொகையை ஒரு கொப்பியில் எழுதி வையுங்க. மத்திய வங்கியின் சேமலாப நிதிக் கூற்றுக் கிடைக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. குறைவாக இருந்தால் தோட்டத்து ஆபீஸிலும் தொழில் திணைக்களத்திலும் கேட்க அந்தக் கொப்பி உதவும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நிர்வாகம் கட்டும் நூற்றுக்கு 3 வேறு. அதை நம்ம சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. இயந்திரம் சொன்னதைச் செய்யும், சரியா பிழையா என்று பார்க்காது. 0.92க்குப் பதிலாக 0.90 என்று அடித்துவிட்டால், மேலே சொன்ன கணக்கில் மாதம் 594 ரூபாய் குறைவாகக் காட்டும். சம்பளத் துண்டு சரியாக இருக்கும், நாமோ கணக்கப்பிள்ளையோடு வீணாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். கடதாசியில் போட்ட பிழை ஒரு நாளோடு போகும். செயலியில் எழுதின பிழை மாதா மாதம் வரும்.

ஆகவே எழுதி முடித்ததும் மனக்கணக்கால் சோதிக்க வேண்டும். 10 நாள், நாளுக்கு 1,000 ரூபாய், கழிவு இல்லை. விடை 9,200 வருதா? வந்தால் நம்பலாம். வராவிட்டால் எழுதினதைத் திரும்பப் பாருங்க. கணிப்பான் செயலி உங்கள் தொடர்பு எண்களையோ படங்களையோ பார்க்க அனுமதி கேட்டால் கொடுக்காதீங்க. கணக்குப் போட அது தேவையில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சொல். வாய்ப்பாட்டை விட்டுவிடாதீங்க. பரீட்சை மண்டபத்துக்குள் போன் வராது. வழி தெரிந்தவருக்குத்தான் செயலி உதவும். வழியை அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள்தானே!

வீட்டுப்பாடம்: அம்மாவின் சென்ற மாதச் சம்பளத் துண்டை வாங்கி, முதலில் கடதாசியிலும் பிறகு செயலியிலும் கணக்கைப் போடுங்க. இரண்டு விடையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, அம்மாவுக்கும் விளக்கிச் சொல்லுங்க.