குடத்திலிட்ட விளக்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்துள்ள நகரம் மெம்ஃபிஸ். இசைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தது இந்நகரில்தான். 1971ஆம் ஆண்டில் கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீபன்ஸ் ஆகிய நான்கு இளைஞர்கள் அங்கு ஓர் இசைக்குழுவைத் தொடங்கினர். அவர்களுள் சில்டன் மட்டும் முன்பே புகழ் பெற்றவர். 1967இல், பதினாறு வயதில், வேறொரு குழுவில் அவர் பாடிய பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது.

இந்த நால்வருக்கும் துணையாக நின்றவர் ஜான் ஃபிரை. அவர் ஆர்டென்ட் என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தை நடத்திவந்தார். இளைஞர்களுக்கு ஒலிப்பதிவுக் கலையைக் கற்றுக்கொடுத்தார். அன்றாட வேலை முடிந்தபின், இரவு நேரங்களில் கூடத்தைப் பயன்படுத்தவும் அனுமதித்தார். கூடத்திற்கு அருகில் ‘பிக் ஸ்டார்’ என்ற பேரங்காடி இருந்தது. அதன் பெயரையே அவர்கள் தங்கள் குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். ‘பெரிய நட்சத்திரம்’ என்பது அதன் பொருள். அதோடு நிற்காமல், முதல் பாடல் தொகுப்புக்கு ‘நம்பர் ஒன் ரெக்கார்டு’ என்றும் பெயரிட்டனர். ஆர்டென்ட் நிறுவனம் 1972இல் அதனை வெளியிட்டது.

அந்நாளில் ராக் இசையில் நீண்ட கிட்டார் வாசிப்பும் உரத்த ஒலியும் செல்வாக்குப் பெற்றிருந்தன. பிக் ஸ்டார் குழுவினரோ சுருக்கமான பாடல்களை எழுதினர். மணியோசைபோல் தெளிவாக ஒலிக்கும் கிட்டார், ஒன்றோடொன்று இழையும் குரல்கள், பதின்ம வயதினரின் தனிமையையும் நட்பையும் எளிய சொற்களில் சொல்லும் வரிகள் ஆகியவையே அவர்களின் பாணி. இசை விமர்சகர்கள் இதனைக் கூர்ந்து கவனித்தனர். பில்போர்டு, ரோலிங் ஸ்டோன் போன்ற புகழ்பெற்ற இதழ்கள் அந்தத் தொகுப்பைப் பாராட்டி எழுதின. ஒரு புதிய குழுவின் முதல் தொகுப்புக்கு இது பெரும் வரவேற்பு.

ஆனால் இசைத்தட்டு விற்கவில்லை. தொடக்கத்தில் பத்தாயிரம் பிரதிகள்கூட விற்றுத்தீரவில்லை. காரணம் என்ன?

இன்று ஒரு பாடலைப் பற்றிப் படித்த அடுத்த நொடியே கைப்பேசியில் அதனைக் கேட்டுவிடலாம். அன்றைய நிலை வேறு. அச்சிடப்பட்ட இசைத்தட்டுகளை நாடெங்கும் உள்ள கடைகளுக்குக் கொண்டுசேர்க்க விநியோக நிறுவனம் ஒன்று தேவைப்பட்டது. ஆர்டென்ட் போன்ற சிறிய நிறுவனத்தால் அந்தப் பணியைத் தானே செய்ய இயலாது. எனவே, மெம்ஃபிஸ் நகரின் மற்றொரு நிறுவனமான ஸ்டாக்ஸ், இசைத்தட்டுகளை விநியோகிக்கும் பொறுப்பை ஏற்றது. கறுப்பினக் கலைஞர்களின் சோல் இசையில் வெற்றி கண்ட நிறுவனம் அது. ராக் இசைத்தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுசெல்வதில் அதற்குப் போதிய அனுபவம் இல்லை. இதழில் விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கடைக்குச் சென்ற பலர் வெறுங்கையோடு திரும்பினர்.

பின்னர், ஸ்டாக்ஸ் தன் விநியோகப் பணியைக் கொலம்பியா என்னும் பெரிய நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இனியாவது நிலைமை சீராகும் என்று குழுவினர் நம்பினர். நடந்ததோ வேறு. ஸ்டாக்ஸ் முன்பு பயன்படுத்திய சிறு விநியோகஸ்தர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளக் கொலம்பியா விரும்பவில்லை. கடைகளில் ஏற்கெனவே இருந்த சில பிரதிகளும் திரும்பப் பெறப்பட்டன. “காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்” என்பர். பாராட்டு என்னும் காற்று வீசியபோது, தூற்றுவதற்குக் களத்தில் நெல் இல்லை.

இந்தத் தோல்வி குழுவினரின் வாழ்க்கையைப் பாதித்தது. குழுவைத் தொடங்கி வழிநடத்திய கிறிஸ் பெல் பெரிதும் மனமுடைந்தார். முன்பே புகழ்பெற்றிருந்த சில்டன்மீதே பலருடைய கவனமும் சென்றதும் அவரை வருத்தியது. 1972ஆம் ஆண்டின் இறுதியில் அவர் குழுவிலிருந்து விலகினார். குழுவும் கலையும் நிலைக்கு வந்தது.

1973ஆம் ஆண்டு மே மாதம் மெம்ஃபிஸ் நகரில் இசை விமர்சகர்களின் மாநாடு ஒன்று நடைபெற்றது. எஞ்சிய மூவரும் அங்கு இசை நிகழ்ச்சி படைத்தனர். வந்திருந்த விமர்சகர்கள் உற்சாகத்துடன் அவர்களை வரவேற்றனர். அந்த வரவேற்பு தந்த ஊக்கத்தில் மூவரும் தொடர்ந்து செயல்பட முடிவு செய்தனர். 1974இல் ‘ரேடியோ சிட்டி’ என்ற இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது. விமர்சகர்கள் மீண்டும் பாராட்டினர். ஆனால் அதற்குள் ஸ்டாக்சுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே பிணக்கு முற்றியிருந்தது. இரண்டாம் தொகுப்பும் கடைகளை முறையாகச் சென்றடையவில்லை. மூன்றாவது தொகுப்பைப் பதிவு செய்தபின், அதனை வெளியிட எந்த நிறுவனமும் முன்வரவில்லை. குழு கலைந்தது. 1975ஆம் ஆண்டின் இறுதியில் ஸ்டாக்ஸ் நிறுவனமும் நொடித்துப்போனது.

அப்படியானால், அந்தப் பாராட்டுகளால் ஒரு பயனும் இல்லையா?

இக்கேள்விக்கு விடை உடனே கிடைக்கவில்லை. நல்ல விமர்சனம் வெறும் புகழ்மாலை அன்று. ஒரு படைப்பில் எது நன்று, அது ஏன் நன்று என்பதை அது காரணத்துடன் விளக்குகிறது. அத்தகைய எழுத்தைப் படித்தவர்கள் பிக் ஸ்டாரின் இசைத்தட்டுகளைத் தேடி அலைந்தனர். கிடைத்த பிரதிகளை நண்பர்களுக்குக் கொடுத்துக் கேட்கச் செய்தனர். 1978இல் முதல் இரண்டு தொகுப்புகளும் பிரிட்டனில் ஒன்றாக மறுவெளியீடு கண்டன. நான்கு ஆண்டுகள் கிடப்பில் கிடந்த மூன்றாவது தொகுப்பும் அதே ஆண்டில் வெளிவந்தது.

அவ்வாறு கேட்டவர்களுள் பலர் பின்னாளில் இசைக்கலைஞர்களாக உயர்ந்தனர். ஆர்.இ.எம். என்ற புகழ்பெற்ற குழுவினர், பிக் ஸ்டார் தங்களைக் கவர்ந்த முன்னோடி என்று வெளிப்படையாகக் கூறினர். 1986இல் தி பேங்கிள்ஸ் என்ற மகளிர் குழு பிக் ஸ்டாரின் பாடல் ஒன்றைப் பாடித் தன் தொகுப்பில் சேர்த்தது. 1987இல் தி ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற குழு ‘அலெக்ஸ் சில்டன்’ என்ற பெயரிலேயே ஒரு பாடலை வெளியிட்டது. 2003இல் ரோலிங் ஸ்டோன் இதழ் தலைசிறந்த 500 பாடல் தொகுப்புகளைப் பட்டியலிட்டபோது, பிக் ஸ்டாரின் மூன்று தொகுப்புகளும் அதில் இடம்பெற்றன. குடத்திலிட்ட விளக்காக இருந்த இசை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு குன்றின்மேலிட்ட விளக்கானது.

எனினும், இதனை முழுமையான வெற்றிக் கதையாகக் கொள்ள முடியாது. கிறிஸ் பெல் தம் குடும்பத்தினரின் உணவகத்தில் வேலை செய்துவந்தார். 1978ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கார் விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 27. பிற்காலத்தில் தமக்குக் கிடைத்த பெருமையை அவர் காணவே இல்லை. அலெக்ஸ் சில்டனும் 1980களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பாத்திரம் கழுவும் வேலை செய்து பிழைப்பு நடத்தினார். 1993இல் அவரும் ஸ்டீபன்சும் புதிய கலைஞர்கள் இருவருடன் சேர்ந்து பிக் ஸ்டாரின் பாடல்களை மீண்டும் மேடையேற்றினர். 2010இல் சில்டன் காலமானார்.

இக்குழுவின் வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, பாராட்டு வேறு, ஆதரவு வேறு என்பதாகும். பாராட்டு ஒரு படைப்பை மறதியிலிருந்து காக்கிறது. ஆனால் கலைஞனின் வீட்டு அடுப்பை எரிய வைப்பது, காசு கொடுத்து இசைத்தட்டை வாங்குபவரும் நுழைவுச்சீட்டு வாங்கி நிகழ்ச்சிக்கு வருபவரும் தரும் ஆதரவே. இரண்டாவது, விற்பனை எண்ணிக்கை மட்டுமே தரத்தின் அளவுகோல் ஆகாது என்பதாகும். கடைக்கே வராத ஒன்றை மக்கள் புறக்கணித்துவிட்டார்கள் என்று எப்படிக் கூறமுடியும்?

நம் ஊரிலும் பெரிய நிறுவனங்களின் துணையின்றிச் சொந்தமாகப் பாடல் எழுதி, இசையமைத்து, வெளியிடும் இளைஞர்கள் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரின் பாடல் உங்களுக்குப் பிடித்திருந்தால், “நன்றாக இருக்கிறது” என்ற ஒரு வரியோடு நின்றுவிடாதீர்கள். எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று நண்பரிடம் விளக்கிச் சொல்லுங்கள். அடுத்த முறை அவர் மேடையேறும்போது அந்த நண்பரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கலந்துரையாடுக

1. விமர்சகர்கள் பாராட்டியும் பிக் ஸ்டாரின் இசைத்தட்டுகள் விற்காததற்கான காரணங்களை வரிசைப்படுத்திக் கூறுக.

2. “பாராட்டு வேறு, ஆதரவு வேறு” என்ற கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் தந்து விளக்குக.

3. இன்று பாடல்கள் அனைவரையும் எளிதில் சென்றடைகின்றன. இக்காலத்திலும் ஒரு நல்ல பாடல் குடத்திலிட்ட விளக்காக இருக்க முடியுமா? குழுவில் விவாதிக்கவும்.