சகுனி இல்லாத பகடை: கிராஷ் ஆட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்



இந்த மாதப் பாடத்துக்கு ஒரு கால்குலேட்டர் வேணும். கைப்பேசியில இருக்கறதே போதும். நாம ஆராயப் போறது ஒரு இணையச் சூதாட்டத்தை. திரையில ஒரு குட்டி விமானம் மேலே ஏறும். அது பறந்து மறையறதுக்குள்ள பணத்தை எடுத்துடணும். இந்த வகைக்குக் 'கிராஷ்' ஆட்டம்னு பேர். ஸ்பிரைப் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட 'ஏவியேட்டர்' இதில் மிகவும் பிரபலமானது.

"சூதாட்டம் கெட்டது, தொடாதே" என்று சொல்லிவிட்டால் பாடம் ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் அப்படிச் சொன்னபோது ஒரு தம்பி என்னிடம் திருப்பிக் கேட்டான்: "அண்ணே, பேராசைப்பட்டாத்தானே தோக்கும்? நான் 1.2 மடங்கு வந்ததுமே எடுத்துடுவேன். அது சேஃப்தானே?" நல்ல கேள்வி. அறிவுரை இதுக்குப் பதில் ஆகாது, கணக்குத்தான் பதில். அவன் பந்தயம் கட்ட நினைத்தது பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பணத்தை. அதனால கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

1. அடிப்படைக் கணக்கு

நீங்க 10 ரிங்கிட் கட்டுறீங்க. விமானம் 1.00 மடங்கில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். 2 மடங்கில் பொத்தானை அழுத்தினால் 20 ரிங்கிட் கிடைக்கும். அழுத்துறதுக்கு முன்னாடியே விமானம் மறைந்துவிட்டால் 10 ரிங்கிட்டும் போச்சு.

ஏவியேட்டர் ஆட்டத்தில் திரும்பி வரும் விகிதம் 97% என்று அதை உருவாக்கியவர்களே அறிவித்திருக்கிறார்கள். அதாவது எல்லாரும் கட்டும் ஒவ்வொரு 100 ரிங்கிட்டிலும் சராசரியாக 97 திரும்பும், 3 அவர்களிடம் நிற்கும். இப்படிப்பட்ட ஆட்டத்தில் விமானம் ஒரு குறிப்பிட்ட மடங்கைத் தொடும் வாய்ப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது: 97-ஐ அந்த மடங்கால் வகுத்தால் சதவீதம் வந்துவிடும்.

1.2 மடங்கு: 80.8%
2 மடங்கு: 48.5%
5 மடங்கு: 19.4%
10 மடங்கு: 9.7%

இப்போ 10 ரிங்கிட் வீதம் 100 சுற்று ஆடுவதாக வெச்சுக்குவோம். கட்டும் பணம் 1,000 ரிங்கிட். 2 மடங்கில் எடுத்தால் சராசரியாக 48.5 முறை 20 ரிங்கிட், மொத்தம் 970. 10 மடங்கில் எடுத்தால் 9.7 முறை 100 ரிங்கிட், அதுவும் 970. தம்பியோட 1.2 மடங்கில் எடுத்தால் 80.8 முறை 12 ரிங்கிட். அழுத்திப் பாருங்க, ஏறக்குறைய அதே 970தான்!

1.2 ஏன் சேஃப் மாதிரி தெரியுது? ஐந்தில் நாலு தடவை ஜெயிக்கிறதால. ஆனால் ஜெயிக்கும் ஒவ்வொரு தடவையும் லாபம் 2 ரிங்கிட்தான், நாலு தடவைக்கு 8 ரிங்கிட். ஐந்தாவது தடவை தோற்றால் போவது 10. அடிக்கடி கொஞ்சம் வரும், எப்போதாவது மொத்தமாகப் போகும். வந்ததை மனசு எண்ணிக்கொண்டே இருக்கும், போனதை வங்கிக் கணக்கு மட்டும்தான் எண்ணும்.

2. பொத்தான்களைச் சோதிப்போம்

தானாக எடுத்தல்: எத்தனை மடங்கில் எடுக்கணும்னு முன்கூட்டியே குறித்து வைக்கலாம். கை தாமதிக்காது, அவ்வளவுதான். எந்த மடங்கைக் குறித்தாலும் 3% போகும்.

இரட்டைப் பந்தயம்: ஒரே சுற்றில் இரண்டு பந்தயம் கட்டலாம். "ஒன்றை 1.5-இல் எடுத்துப் பாதுகாத்துக்கலாம், இன்னொன்றைப் பெரிசா விடலாம்" என்று தோன்றும். ஒரு 10 ரிங்கிட்டில் சராசரி நட்டம் 30 சென். இரண்டு 10 ரிங்கிட்டில் 60 சென். பாதுகாப்பு கூடவில்லை, பந்தயம்தான் கூடியது.

பழைய முடிவுகள்: திரையின் மேலே முந்தைய சுற்றுகளின் மடங்குகள் வரிசையாக நிற்கும். "ஆறு தடவை கீழேயே விழுந்திருக்கு, இப்ப பெரிசு வரும்" என்று நினைக்கத் தூண்டும். ஒவ்வொரு சுற்றும் தனி. முந்தின சுற்றில் என்ன நடந்தது என்பது அடுத்த சுற்றுக்குத் தெரியாது.

மற்றவர்களின் பந்தயங்கள்: யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பட்டியல் ஓடும், பக்கத்திலேயே அரட்டை வேறு. எடுத்தவர்களின் தொகை பளிச்சென்று தெரியும். தோற்றவர்கள் சத்தமில்லாமல் நகர்ந்துவிடுவார்கள்.

தானாகப் பந்தயம் கட்டுதல்: இதுதான் மிக ஆபத்து. யோசிக்கும் அந்தச் சில விநாடியையும் இது எடுத்துவிடுகிறது.

3. "தோற்றால் இரட்டிப்பாக்கு" தந்திரம்

2 மடங்கில் 5 ரிங்கிட் கட்டு, தோற்றால் 10, பிறகு 20, 40, 80, 160, 320. எப்போது ஜெயித்தாலும் பழைய நட்டமெல்லாம் தீர்ந்து 5 ரிங்கிட் லாபம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் தொடர்ந்து ஏழு முறை தோற்றால் போவது 635 ரிங்கிட்.

ஏழு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வமா? ஒரு சுற்றில் தோற்கும் வாய்ப்பு 51.5%. கணக்குப்படி, இந்த ஏழு தொடர் தோல்வி வர சராசரியாக 212 சுற்று போதும். நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்று வைத்தாலும் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் சராசரியாக 103 முறை 5 ரிங்கிட் கிடைத்திருக்கும், மொத்தம் 515. போவது 635. இந்தத் தந்திரம் நட்டத்தைக் குறைக்கவில்லை, ஒரே நாளுக்குத் தள்ளிப்போட்டது.

4. வேகம்

நம்ம ஊரில் தாத்தா காலத்திலிருந்து நாலு நம்பர் எடுக்கும் பழக்கம் உண்டு. அதுவும் சூதாட்டம்தான். ஆனால் அதன் வழக்கமான குலுக்கல் புதன், சனி, ஞாயிறு மட்டுமே. கிராஷ் ஆட்டத்தில் நிமிடத்துக்கு இரண்டு சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 120. சுற்றுக்கு 10 ரிங்கிட் என்றால் கட்டும் தொகை 1,200, சராசரி நட்டம் மணிக்கு 36 ரிங்கிட். கையில் 100 ரிங்கிட் மட்டும் இருந்தாலும், அதையே சுழற்றிச் சுழற்றி 1,200 கட்டிவிடுவோம். 3% என்பது சின்ன எண்தான். அதை ஒரு இரவில் எத்தனை முறை கழிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

5. "நியாயமானது என்று நிரூபிக்கலாம்" என்கிறார்களே?

ஏவியேட்டரில் சர்வர் தரும் ரகசிய எண்ணும், அந்தச் சுற்றில் முதலில் பந்தயம் கட்டிய மூன்று பேரின் எண்களும் சேர்ந்து, ஹாஷ் என்ற கணித முறையால் முடிவு பிறக்கிறது. சுற்று முடிந்த பிறகு யாரும் சரிபார்க்கலாம். பொறியியல் மாணவனாகச் சொல்கிறேன், இது நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் முடிவை நடுவில் யாரும் மாற்றவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். 3% இல்லை என்று காட்டாது.

மகாபாரதச் சூதில் சகுனி இருந்தான், அதனால் தருமர் தோற்றார் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். இங்கே சகுனியே தேவையில்லை. பகடை நேர்மையாக உருண்டாலும் பணம் போகும். இன்னொன்றையும் கவனியுங்க. இழந்ததெல்லாம் திரௌபதி பெற்ற வரத்தால் திரும்பக் கிடைத்த பிறகும், மறுபடி அழைத்தபோது தருமர் போய் உட்கார்ந்தார். பன்னிரண்டு ஆண்டு வனவாசமும் ஓர் ஆண்டு அஞ்ஞாதவாசமும் வந்தது அந்த இரண்டாவது ஆட்டத்தால்தான். "விட்டதைப் பிடிச்சிட்டு நிறுத்திடுவேன்" என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கணும்.

அடுத்த மடங்கை முன்கூட்டியே சொல்லித் தருவதாக டெலிகிராமில் விற்கும் செயலிகள் பற்றி ஒரு வார்த்தை. ஹாஷ் முறையில் அப்படிச் சொல்லவே முடியாது. அது இரண்டாவது கொள்ளை.

6. சட்டமும் நண்பனும்

மலேசியாவில் இணையக் கேசினோக்களுக்கு உரிமம் இல்லை. 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டத்தின் கீழ் போலீஸ் நடவடிக்கை எடுக்கிறது. சிங்கப்பூரில் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2022, உரிமமில்லாத தளத்தில் ஆடுபவரையும் தண்டிக்கும். ஜெயித்த பணத்தைத் தளம் தராமல் போனால் புகார் கொடுக்கவும் இடமில்லை.

நண்பன் ஏற்கெனவே சிக்கியிருந்தால் திட்டாதீங்க. அவனோடு உட்கார்ந்து கடந்த மூன்று மாத வங்கிப் பதிவைத் திறந்து, போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று இரண்டே தொகை எழுதச் சொல்லுங்க. விட்டதைப் பிடிக்கக் கடன் கொடுக்காதீங்க, சாப்பாடு வாங்கிக் கொடுங்க. வட்டி முதலையிடம் போகும் முன் வீட்டில் ஒரு பெரியவரிடம் பேசவைக்க வேண்டும். மனசு உடைந்திருந்தால் பிஃபிரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. சிங்கப்பூரில் சூதாட்டப் பிரச்சினைக்கான உதவி எண் 1800-6-668-668.

வகுப்புப் பயிற்சி

1. விமானம் 3 மடங்கைத் தொடும் வாய்ப்பு என்ன? 10 ரிங்கிட் வீதம் 100 சுற்றில் எவ்வளவு திரும்பும்?

2. இன்னொரு கிராஷ் ஆட்டத்தில் திரும்பும் விகிதம் 99%. ஒருவர் 10 ரிங்கிட் வீதம் 300 சுற்று ஆடுகிறார். இவருக்குச் சராசரி நட்டம் எவ்வளவு? 97% ஆட்டத்தில் 50 சுற்று ஆடுபவரைவிட இவர் பாதுகாப்பானவரா?

3. திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் 'சூது'. அதன் முதல் குறளைப் படித்து, அது தோல்வியைப் பற்றிப் பேசுகிறதா, வெற்றியைப் பற்றிப் பேசுகிறதா என்று குழுவாக விவாதியுங்கள். 1.2 மடங்குத் தம்பிக்கு அந்தக் குறளை எப்படி விளக்குவீர்கள்?