சிற்றில் முதல் கற்பனை நாடு வரை



மணலைக் குவித்து வீடு கட்டி விளையாடுதல் தமிழ்ச் சிறார்க்கு மிகப் பழைய விளையாட்டாகும். அவ்வாறு கட்டப்பெற்ற வீட்டிற்குச் சிற்றில் என்பது பெயர். சிறுமை + இல் எனப் பிரித்துப் பொருள் காண்க. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்று 'சிற்றில் சிதைத்தல்'. சிறுமியர் பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைக் காலால் அழிக்க வரும் சிறுவனை நோக்கி, 'அழியாதே' என்று அவர்கள் வேண்டிக்கொள்வதாக அப்பருவம் அமையும். வீடு மணலால் ஆனதுதான். ஆயினும் அதனைக் கட்டியவர்களுக்கு அது வீடே. இதனை நம் புலவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

நவராத்திரியில் கொலு வைக்கும் இல்லங்களில் இவ்விளையாட்டின் வேறொரு வடிவத்தைக் காணலாம். பொம்மைப் படிகளின் அருகே குழந்தைகள் மணல் பரப்பிச் சிற்றூர் ஒன்றை அமைப்பார்கள். கண்ணாடித் துண்டு குளமாகும்; முளைவிட்ட கேழ்வரகு வயலாகும். கிறிஸ்துவ இல்லங்களில் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றியும் இவ்வாறே ஓர் ஊர் எழும். அக்காள் குளம் அமைப்பாள். தம்பி வேலி இடுவான். பாட்டி குறை சொல்வார். பலர் கூடி ஓர் ஊரைப் படைக்கும் கலை இதுவே.

இதே கலையைப் பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு உலகின் பல நாடுகளில் சிறியோரும் பெரியோரும் இன்று செய்துவருகின்றனர். அதனைப் பற்றியும், அதனை நம் வகுப்பில் செய்து பார்த்தபோது நேர்ந்ததைப் பற்றியும் இப்பாடத்தில் காண்போம்.

கட்டையின் வரலாறு

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்னும் தச்சர் வாழ்ந்தார். அவர் 1932ஆம் ஆண்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு 'லெகோ' எனப் பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' என்னும் பொருள் தரும் இரண்டு டேனிஷ் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து அமைத்த பெயர் அது. 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வெளிவந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று இறுகப் பொருந்தவில்லை.

1958ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் அக்குறை நீங்கியது. கட்டையின் மேற்புறத்தில் குமிழ்களும் உட்புறத்தில் குழல்களும் கொண்ட புதிய அமைப்புக்கு அன்று காப்புரிமை கோரப்பட்டது. கீழ்க்கட்டையின் குமிழ்களை மேற்கட்டையின் குழல்களும் பக்கச் சுவர்களும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். பசையும் ஆணியும் வேண்டா. ஆயினும் குழந்தையின் விரல்கள் இழுத்தால் பிரிந்துவிடும். 1958இல் வார்த்த கட்டையும் இன்று வார்த்த கட்டையும் ஒன்றோடொன்று பொருந்தும். பாட்டனார் விளையாடிய கட்டையின்மீது பேரன் தன் கட்டையை ஏற்றலாம்.

இது எவ்வாறு இயலும்? அளவு மாறாமையினால் இயலும். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர். உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சினுள் அழுத்தி வார்க்கும்போது தலைமயிரின் பருமனைவிடக் குறைவான பிழை நேர்ந்தாலும் கட்டை தளர்ந்துவிடும் அல்லது இறுகிவிடும். ஜூரோங் ஆலைகளில் அச்சு வேலை செய்யும் அன்பர்களுக்கு இதன் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

எட்டுக் குமிழ்க் கட்டையின் கணக்கு

எட்டுக் குமிழ்கள் உள்ள ஒரே நிறக் கட்டைகள் இரண்டை 24 வகையாக இணைக்கலாம். மூன்று கட்டைகளை 1,060 வகையாக இணைக்கலாம். ஆறு கட்டைகளை எத்தனை வகையாக இணைக்கலாம்? முன்னாளில் 10,29,81,500 என்றே கூறிவந்தனர். ஆனால் அது, ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு அடுக்கு உயரம் எழும் வகைகளின் எண்ணிக்கை மட்டுமே. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணையோடு எல்லா வகைகளையும் எண்ணினார். விடை 91,51,03,765. அஃதாவது 91 கோடியே 51 இலட்சத்து 3 ஆயிரத்து 765.

இங்கே கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. கட்டையின் வடிவத்தை எவரும் மாற்ற இயலாது. அவ்வடிவம் மாறாதிருப்பதனாலேயே இத்தனை கோடி வடிவங்கள் பிறக்கின்றன. பொருத்தும் முறை ஒன்றாக இருத்தலே படைப்புகள் பலவாதற்குக் காரணம்.

பலர் கூடிப் படைக்கும் நாடு

1978இல் கைகால் அசையும் சிறு மனித உருவங்கள் வெளிவந்தன. அதே ஆண்டில் மஞ்சள் நிறக் கோட்டை ஒன்றும் வந்தது. வெறுங்கட்டடமாக இருந்த விளையாட்டில் அரசரும் வீரரும் குடியேறினர், கதையும் புகுந்தது. அன்று விளையாடிய சிறுவர் பலர் வளர்ந்து பெரியவர்களான பின்னரும் கட்டுவதை விடவில்லை.

2011ஆம் ஆண்டில் பல நாட்டு ஆர்வலர்கள் ஒன்றுகூடி 'ஹிஸ்டோரிகா' என்னும் கற்பனைக் கண்டத்தைப் படைக்கத் தொடங்கினர். அக்கண்டத்துக்கு ஒரு பொது வரைபடம் உண்டு. காடுகள் நிறைந்த பகுதி அவலோனியா. பனி மூடிய வடபகுதி மிட்கார்டியா. பாலை நிலம் காலிஃப்லின். இருண்ட நிலம் நாக்டர்னஸ். ஒவ்வொருவரும் ஒரு பகுதியின் குடியாகித் தமக்கென ஒரு கதைமாந்தரை அமைத்துக்கொள்வர். சந்தை, பாலம், கோட்டை என ஏதேனும் ஒரு காட்சியைத் தம் வீட்டிலேயே கட்டிப் படமெடுத்து, அதனோடு ஒரு கதையையும் எழுதிச் சேர்ப்பர். ஒருவர் கட்டிய ஊருக்கு மற்றொருவரின் கதைமாந்தர் பயணம் செய்வார். இவ்வாறு ஒருவரையொருவர் நேரில் கண்டிராதவர்களும் ஒரே நாட்டின் குடிகளாகின்றனர்.

வேறு சில ஆர்வலர்கள் 'மூன்பேஸ்' என்னும் நிலவுக் குடியிருப்பைக் கட்டினர். ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் ஒரு கட்டடம் கட்டுவர். கண்காட்சி நாளன்று எல்லாவற்றையும் கொண்டுவந்து இணைப்பர். கட்டடத்தின் உள்ளே எதுவும் இருக்கலாம். ஆனால் அடுத்த கட்டடத்தோடு சேரும் நடைவழி மட்டும் முன்னரே வகுத்த இடத்தில், வகுத்த உயரத்தில் இருத்தல் வேண்டும். உள்ளே முழு உரிமை. ஓரத்தில் பொது ஒப்பந்தம். இதுவே இக்கலையின் அடிப்படை விதி.

சிங்கப்பூர்க்கும் இக்கட்டைகளோடு தொடர்புண்டு. நாட்டின் பொன்விழா ஆண்டாகிய 2015இல் பள்ளி மாணவர்களுக்கு நினைவுப் பரிசாக லெகோ பெட்டி ஒன்று வழங்கப்பட்டது. கேவனா பாலம், சாங்கி விமான நிலையம், கரையோரப் பூந்தோட்டங்கள் ஆகியவற்றின் சிற்றுருவங்களை அதிலுள்ள கட்டைகளால் கட்டலாம். அப்பெட்டியை இன்னும் வைத்திருக்கும் அண்ணன்மாரும் அக்காள்மாரும் பூன் லேயிலும் இருப்பர்.

நம் வகுப்பில் நேர்ந்தது

ஆண்டிறுதித் தேர்வு முடிந்ததும் நாமும் ஒரு நாட்டைப் படைத்துப் பார்க்க விரும்பினோம். ஹிஸ்டோரிகாவினர் நிலத்தின் இயல்பைக் கொண்டு நாட்டைப் பிரித்தனர். அம்முறை தமிழர்க்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணை நமக்குண்டு அல்லவா? எனவே மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, பாலை நீங்கலாக நான்கு நிலங்களையும் அவர்களுக்குப் பகிர்ந்தளித்தோம். குறிஞ்சி மலையில் தோன்றும் ஆறு முல்லைக் காட்டையும் மருத வயலையும் கடந்து நெய்தற் கடலில் கலக்க வேண்டும் என்று மட்டும் கூறினோம்.

மூன்றாம் நாள் பூசல் எழுந்தது. முல்லைக் குழுவினர் தம் எல்லை நெடுகிலும் உயர்ந்த மதில் எழுப்பிவிட்டனர். குறிஞ்சியிலிருந்து வந்த ஆறு மதிலில் முட்டி நின்றது. 'எங்கள் வயலுக்குத் தண்ணீர் எங்கே?' என்று கேட்ட மருதக் குழுவின் மாணவன் ஒருவன், சினம் தாளாமல் மதிலின் ஒரு பகுதியைப் பெயர்த்து எறிந்தான். அதனைக் கட்டிய மாணவி விம்மி அழுதாள். சிற்றில் சிதைத்தல் நம் கண்முன்னே நிகழ்ந்துவிட்டது.

பிழை மாணவர்களுடையது அன்று, நம்முடையதே. நிலத்தைப் பிரித்துக் கொடுத்த நாம், எல்லையில் பின்பற்ற வேண்டிய விதியை வகுத்துக் கொடுக்கவில்லை. அதனை அவர்களிடம் ஒப்புக்கொண்டோம். பின்னர் பாலைத் திணையைப் பற்றி நினைவூட்டினோம். பாலைக்கெனத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து பாலை ஆகும் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. அழுதுகொண்டிருந்த அம்மாணவி சற்று நேரம் சிந்தித்தாள். 'அப்படியானால் நான் கட்டிய மதில் முதலில் என் காட்டையே பாலையாக்கிவிடும்' என்றாள். பின்னர்த் தானே மதிலில் ஒரு மதகு அமைத்தாள். மதிலும் நின்றது, ஆறும் ஓடியது. மதிலைப் பெயர்த்த மாணவன் கட்டைகளைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்து, அவளோடு அமர்ந்து அதனைச் செப்பனிட்டான்.

மற்றொரு சிக்கலும் இருந்தது. நெய்தற் குழுவில் ஒரு மாணவனுடைய வீட்டில் லெகோ கட்டைகள் இல்லை. இவை விலை மிகுந்தவை. எல்லா வீட்டிலும் இருக்க இயலாது. அவன் தீப்பெட்டிகளையும் பால் அட்டைப் பெட்டிகளையும் கொண்டு துறைமுகம் ஒன்று கட்டினான். 'இது எங்களுடையதோடு ஒட்டாது' என்று சிலர் கூறவே, அவன் தலைகுனிந்தான். அவன் தந்தையார் ஜூரோங்கில் ஓர் ஆலைத் தொழிலாளி. இரவு வேலை முடிந்து வந்தவர், மகனிடம் செய்தி அறிந்து, கட்டை ஒன்றை வாங்கி அளந்து பார்த்தார். 32 குமிழ்கள்; குமிழுக்கு 8 மில்லிமீட்டர்; 32 x 8 = 256 மில்லிமீட்டர். கழிவுப் பலகை ஒன்றை அந்த அளவுக்கு அறுத்து, உயரமும் ஒத்து வருமாறு கீழே அட்டை கொடுத்தார். மறுநாள் அப்பலகையை மருதத்தின் அருகே வைத்தபோது ஆற்றின் கரையும் சாலையின் விளிம்பும் நேராகப் பொருந்தின. தீப்பெட்டித் துறைமுகம் இல்லாவிடில் அந்நாட்டிற்குக் கடல் இல்லை என்பதை அனைவரும் கண்டனர்.

அதன்பின் மாணவர்கள் தாமே கூடி நான்கு விதிகள் வகுத்தனர்:

1. ஆறும் சாலையும் எல்லையைக் கடக்கும் இடமும் அகலமும் முன்னரே வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும்.
2. அவரவர் நிலத்தினுள் அவரவர் விருப்பமே விதி.
3. பிறர் கட்டியதைக் கேளாமல் தொடுதல் ஆகாது.
4. அளவு பொருந்துமாயின் எந்தப் பொருளால் கட்டினாலும் ஏற்றுக்கொள்ளப்படும்.

நாம் வாழும் பேட்டை

இவ்விதிகள் நமக்குப் புதியவை அல்ல. பூன் லே என்னும் பெயர், இப்பகுதியில் நிலம் வைத்திருந்த சியூ பூன் லே என்னும் வணிகரை நினைவூட்டுவது. ரப்பர்த் தோட்டங்களும் சதுப்பு நிலமுமாக இருந்த ஜூரோங்கில் 1961ஆம் ஆண்டில் தொழிற்பேட்டைப் பணி தொடங்கியது. 1968இல் ஜூரோங் நகராண்மைக் கழகம் அமைக்கப்பட்டது. இங்கும் முதலில் வரைபடம். பின்னர்ப் பொதுச் சாலை, பொது நீர்க்குழாய், பொது மின்கம்பி. அதன்பின்னரே ஆலையும் வீடும் எழுந்தன. நம் அடுக்குமாடிகளில் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டினுள் தன் விருப்பப்படி வாழ்கிறது. மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் பலரும் அடுத்தடுத்து வாழ்கிறோம். வாசலுக்கு வெளியே உள்ள நடைவழியோ அனைவர்க்கும் பொது. நம் பொருள்களை அங்கே குவித்து அண்டை வீட்டார் வழியை மறித்தால், அதுவும் மதகில்லாத மதிலே.

பெற்றோர்களே! பிள்ளைகள் கட்டைகளோடு அமர்ந்திருப்பதைக் கண்டு, வீண்பொழுது என்று கடிந்துகொள்ளாதீர்கள். விலை உயர்ந்த பெட்டி வாங்கித் தர வேண்டும் என்பதும் இல்லை. அட்டையும் அளவுகோலும் போதும். வேலை முடிந்து வரும் நாளில் பத்து நிமிடம் உடன் அமர்ந்து, 'இந்த ஊரில் யார் வாழ்கிறார்கள்?' என்று கேளுங்கள். கணக்கும் மொழியும் பொறுமையும் அவ்விடையில் சேர்ந்து வளரும்.

பயிற்சி வினாக்கள்

1. சிற்றில் என்பதைப் பிரித்து எழுதிப் பொருள் கூறுக.
2. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ. எனின், பத்து அடுக்கு மதிலின் உயரம் எவ்வளவு?
3. முல்லை பாலையாவது எவ்வாறு? மதகு அமைத்த மாணவியின் செயலோடு பொருத்தி விளக்குக.
4. உங்கள் அண்டை வீட்டு நண்பருடன் சேர்ந்து ஒரு கற்பனை ஊருக்கு வரைபடம் வரைக. இருவர் நிலமும் சேரும் ஓரத்தை முதலில் வரைக.