மாயக்கதை எழுதுவது எப்படி?

தோழிகளே, என் முதல் கதையில் கொல்லிப்பாவை பறந்தாள், பாம்பானாள், மழையும் பெய்ய வைத்தாள். தம்பி பாதியிலேயே தூங்கிட்டான். சங்கப் பாட்டிலேயே பேர் வாங்கிய பாவைக்கு என்னால் இந்தக் கதி!

அப்புறம்தான் வேதாளக் கதையை யோசித்தேன். விக்கிரமாதித்தன் வாய் திறந்தால் வேதாளம் முருங்கைமரம் ஏறிடும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிச்சிடும். மாயம் கொஞ்சம்தான், ஆனா தப்பிக்க வழியே இல்லை.

நம்ம பாவை சிரித்தே ஆளைக் கொல்லுவாள் என்பார்கள். அதை மட்டும் வச்சுக்கிட்டேன். மற்றதெல்லாம் நிஜம்: காரவள்ளிக்கு இறங்கும் கடைசி பஸ், 70 கொண்டை ஊசி வளைவு, மிளகு மூட்டையோடு அப்பா. பின்னாடி சிரிப்புச் சத்தம். அப்பா திரும்பிப் பார்க்கக் கூடாது.

தம்பி இப்போ தூங்கலை. "அப்பா எங்கக்கா வர்றாரு?"ன்னு கேட்கிறான்.

இன்னும் 40 வளைவு இருக்கு.