எச்சில் வற்றினால்?

தணிகை மலைக்கு 365 படி ஏறினா நாக்கு ஒட்டிக்குது. தண்ணி குடிச்சா சரியாயிடும். ஆனா உமிழ்நீர்ச் சுரப்பியே அடிபட்டால்?

நமக்குப் பெரிய சுரப்பிகள் 3 ஜோடி. உள்ளே திராட்சைக் கொத்துபோல் இருக்கும் செல்கள்தான் உமிழ்நீரைச் சுரக்கின்றன. குழாயில் கல் அடைத்தால் அவை சுருங்கும், பல செத்தும் போகும். குழாய்ச் செல்கள் மட்டும் தாக்குப்பிடிக்கும். கல்லை எடுத்துட்டா பெரும்பாலும் கொத்து மறுபடி வளரும். ஆச்சரியம்தானே நண்பர்களே!

கதிர்வீச்சில் அப்படி இல்லை. புகையிலை மென்று வாய்ப்புற்று வந்தவர்களுக்கு, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் கதிர் சிகிச்சை தருகிறார்கள். உயிரைக் காக்கும் அதே கதிர் சுரப்பியில் அதிகம் பட்டால் கொத்துச் செல்கள் திரும்ப வளர்வது கஷ்டம். அப்புறம் ஒரு வாய் சோறு விழுங்கவும் தண்ணி வேணும், பல்லும் சீக்கிரம் சொத்தையாகும். அதனால இப்போ சுரப்பியை முடிந்தவரை விலக்கியே கதிர் பாய்ச்சுறாங்க.