ஷின்ஜுக்குவில் இந்திய உணவு

அயல்நாட்டில் வாழச் செல்வோர் அந்நாட்டின் மொழியைக் கற்றுக்கொள்ளலாம், உடையையும் அணிந்துகொள்ளலாம். ஆயின், நாவின் பழக்கத்தை மாற்றுவது எளிதன்று. ஜப்பான் நாட்டில் தங்கும் இந்தியர் இவ்வுண்மையை நன்கு உணர்வர்.

அந்நாட்டு வாழ்வில் நமக்குப் பழகிய வழக்கங்கள் சில உண்டு. காலணியை வாயிலிலேயே களைந்த பின்னரே வீட்டினுள் புகுவர். பாய் விரித்த தரையில் அமர்ந்து உண்பர். சோற்றையே தலையாய உணவாகக் கொள்வர். எனினும், அச்சோறு உப்பிடாது சமைக்கப்படுவது. ஒன்றோடொன்று ஒட்டும் இயல்பினது. அதனைக் கையால் பிசைந்து உண்ணுதல் இல்லை. இரு சிறு குச்சிகளால் எடுத்து உண்பர். அக்குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைத்தல் கூடாது. இறந்தோர்க்குப் படைக்கும் சோற்றிலேயே அவ்வாறு நடுவர். சோயா விழுது கரைத்த சாற்றைக் கிண்ணத்தோடு ஏந்திப் பருகுவர். பச்சை மீனைச் சமைக்காமலே உண்பர். இவை புதியவர்க்கு வியப்பளிப்பனவாம்.

அவ்வியப்புகளுள் பெரிது ஒன்று உண்டு. அந்நாட்டு உணவுச் சாலைகளில் ‘கரே’ என்னும் உணவு கிடைக்கும். தமிழில் வழங்கும் ‘கறி’ என்னும் சொல்லே ஆங்கிலம் புகுந்து, பின் ஜப்பானையும் அடைந்து இப்பெயராயிற்று என்பர். மெய்ஜி மன்னர் காலத்தில் ஆங்கிலேயர் வாயிலாக இவ்வுணவு அங்குச் சென்றது. கோதுமை மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய குழம்பாதலின், பெயரில் உறவு இருப்பினும் சுவையில் உறவு குறைவு. இக்குறையைக் கண்டு, இந்திய உணவை அங்கு நிலைநாட்டியவர் ராஷ் பிகாரி போஸ் ஆவார்.

போஸ் வங்கத்தில் பிறந்த விடுதலை வீரர். 1912இல் தில்லியில் ஹார்டிஞ்சுப் பிரபுவின்மீது குண்டு வீசப்பட்டது. அம்முயற்சியில் முதன்மைப் பங்கு கொண்ட போஸை ஆங்கில அரசு தேடியது. அவர் 1915இல் மாற்றுப் பெயருடன் கப்பலேறி ஜப்பானை அடைந்தார். ஆங்கிலேயரின் வற்புறுத்தலால், அவ்வாண்டின் இறுதியில் ஜப்பானிய அரசு அவரை நாட்டை விட்டு வெளியேறுமாறு ஆணையிட்டது. ஆங்கிலேயர் கையில் அகப்படின் தூக்குமேடையே முடிவாகும்.

அந்நிலையில் அவருக்கு அடைக்கலம் அளித்தோர், டோக்கியோ நகரின் ஷின்ஜுக்குப் பகுதியில் ‘நாகமுராயா’ என்னும் ரொட்டிக் கடையை நடத்திய சோமா ஐசோவும் அவர்தம் மனைவி கொக்கோவும் ஆவர். தமக்கு நேரக்கூடிய இடரைக் கருதாது, கடைக்குப் பின்புறமிருந்த கட்டடத்தில் அவரை மறைத்து வைத்துப் பல திங்கள் காத்தனர். 1916இல் ஆணை நீக்கப்பெற்ற பின்னும் ஒற்றர் தொல்லை ஒழியவில்லை. 1918இல் சோமா தம்பதியரின் மகள் தோஷிகோ, போஸை மணந்து அவருடைய துன்பங்களில் பங்கு கொண்டார். மறைந்து வாழ்ந்த அந்நாள்களின் அலைச்சல் அவர் உடல் நலத்தைக் கெடுத்தது. 1925இல் அவர் இயற்கை எய்தினார்.

1927இல் நாகமுராயா ஓர் உணவுச் சாலையைத் திறந்தது. அங்கு உண்மையான இந்தியக் கறியைப் படைத்தல் வேண்டும் என்று போஸ் எடுத்துரைத்தார். மாவால் கெட்டியாக்கிய குழம்பிற்கு மாறாக, நறுமணப் பொருள்கள் கூட்டி, எலும்போடு கூடிய கோழி இறைச்சியைச் சமைத்தனர். அரிசி மட்டும் அந்நாட்டார் விரும்பும் ஜப்பானிய அரிசியாகவே அமைந்தது. பிற கடைகளினும் விலை பன்மடங்கு மிகுந்திருந்தும் மக்கள் அதனை நாடி வந்தனர். அக்கடையில் இன்றும் அவ்வுணவு கிடைக்கின்றது.

போஸ் 1923இல் ஜப்பானியக் குடிமகனாயினும் தாய்நாட்டை மறந்தாரல்லர். இறுதிவரை இந்திய விடுதலைக்கே உழைத்தார். இந்தியா விடுதலை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1945இல், டோக்கியோவில் உயிர் நீத்தார்.

அடைக்கலம் தந்த நாட்டின் வழக்கங்களை மதித்து ஏற்றல் ஒரு பண்பு. தம் நாட்டின் நல்லதை அந்நாட்டிற்கு வழங்குதல் மற்றொரு பண்பு. போஸ் இவ்விரண்டையும் ஒருங்கே உடையவராக விளங்கினார்.