ஆண்டு மதிப்பீட்டுக்கு ஜூனிலேயே ஒரு கோப்பு

கல்லூரி ஆசிரியர்கள் சுயமதிப்பீட்டுப் படிவத்துக்கான சான்றுகளைக் கல்வியாண்டின் தொடக்கத்திலிருந்தே சேர்ப்பது நல்லது. யுஜிசியின் 2018 விதிமுறைகள் கேட்பது எண்ணிக்கையை: ஒதுக்கிய வகுப்புகளில் 80 சதவீதமாவது எடுத்திருந்தால் கற்பித்தலில் ‘நன்று’; மாணவர், ஆய்வு சார்ந்த பிற பணிகளில் குறைந்தது மூன்றில் ஈடுபட்டிருந்தால் அதிலும் ‘நன்று’. உதவிப் பேராசிரியரின் முதல் பதவி உயர்வுக்குத் தகுதியைப் பொறுத்து 4 முதல் 6 ஆண்டுப் பணி வேண்டும். அத்தனை காலத்தையும் நினைவிலிருந்து எழுத யாரால் முடியும்?

பதிவேடுதான் அலுவலகத்தில் இருக்கிறதே என்பார்கள். வகுப்புக் கணக்கு அதில் கிடைக்கலாம். என்எஸ்எஸ் முகாமில் நீங்கள் செய்த வேலை கிடைக்காது. எழுதுவதே கூடுதல் சுமை என்பதும் நியாயமான குறைதான். அதனால் விளக்கம் எதுவும் வேண்டாம்: வெள்ளிதோறும் தேதி, பணி, ஆணை எண் மட்டும் குறித்து, ஆணையின் நகலைச் சேருங்கள்.